ரோபோ சங்கர் ஜெயிக்காத ஆள் என்று சொல்கிறவர்களுக்கு

ஒரு வாசகர், 20.09.2025

ரோபோ சங்கர் போய்விட்டார். வருத்தம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். டிவி காமெடியிலிருந்து வந்த சந்தானம் ஹீரோ, சிவகார்த்திகேயன் ஹீரோ. இவர் கடைசி வரைக்கும் டிவி காமெடியன் என்ற பெயரோடுதான் இருந்தார். திறமை இருந்தும் ஜெயிக்காத ஆள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

என் பதில், 20.09.2025, இரவு

எடுத்துக்கொள்ளக் கூடாது. 18ஆம் தேதி செய்தி வந்ததிலிருந்து இதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 46 வயதில் ஒரு மனிதர் இறந்துபோனால், அவர் என்ன தொழில் செய்தார், அதை எப்படிச் செய்தார் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். எதிரில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைச் சிரிக்க வைப்பது அவர் தொழில். அதை அவர் செய்தார். சினிமாவில் பெயர் எத்தனையாவது இடத்தில் வந்தது என்பதெல்லாம் அதற்கு அப்புறம் பேச வேண்டிய கணக்கு.

மதுரைக்காரர். ஆணழகன் போட்டிகளுக்குப் போன உடம்பு. அந்த உடம்பில் உலோக நிறச் சாயம் பூசிக்கொண்டு ஊர் ஊராக மேடையில் இயந்திர மனிதன் மாதிரி ஆடினார். அதில் ஒட்டிக்கொண்டதுதான் 'ரோபோ'. அப்புறம் விஜய் டிவியில் 'கலக்கப்போவது யாரு', 'அது இது எது'. அதற்கும் அப்புறம்தான் சினிமா. நாம் இந்த வரிசையைக் கடைசியிலிருந்து படிக்கிறோம். அதனால்தான் இப்படி ஒரு கேள்வியே வருகிறது.

21.09.2025

நான் யார், இதில் எனக்கு என்ன அக்கறை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மைக் செட் தொழில். அப்பா காலத்திலிருந்து செய்கிறோம். ராமநாதபுரம் கடற்கரையில் இந்தப் பக்கம் மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம். பாலத்தைத் தாண்டினால் பாம்பன், தங்கச்சிமடம். வடக்கே தேவிபட்டினம், தொண்டி. முளைக்கொட்டு, சர்ச் திருவிழா, சந்தனக்கூடு, காதுகுத்து எதுவானாலும் போவேன். எனக்கு மேடையை முன்னாலிருந்து பார்த்துப் பழக்கமில்லை. பக்கவாட்டில், ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் உட்கார்ந்துதான் எல்லாக் கலைஞர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஆளின் முகம் பாதிதான் தெரியும், தொழில் முழுசாகத் தெரியும்.

கடற்கரை மேடை எவ்வளவு கஷ்டம் என்று டிவியில் மட்டும் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆடி மாசம் கச்சான் காற்று அடிக்கும்போது மைக் தலைக்குப் பஞ்சு உறை போட்டாலும் புஸ் புஸ் என்று இரையும். மிமிக்ரி செய்கிறவருக்கு அடிக்குரல் கனமாக விழ வேண்டும் என்றால் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தாக வேண்டும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மைக் தப்பிக்கும், ஆனால் பாதிக் கூட்டத்துக்கு அவர் முகம் தெரியாது. அனுபவசாலி உடம்பைக் கொஞ்சமாகத் திருப்பி, தோளால் காற்றை மறித்துக்கொண்டே முகத்தைக் கூட்டத்துக்குக் கொடுப்பார். எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் இதைச் சொல்லித் தருவதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்று, சிரிப்பு வந்து சேருகிற நேரம். முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் முதலில் சிரிக்கும். அடுத்து பெண்கள் பக்கம். கடைசியில், பைக்கில் சாய்ந்து நிற்கிற இளவட்டங்கள். புது ஆள் முன்வரிசை சிரித்ததுமே அடுத்த வரிக்குத் தாவிவிடுவான். பின்னால் இருப்பவர்களுக்கு அந்த வரி சிரிப்புச் சத்தத்தில் காணாமல் போகும். நல்ல ஆள் சிரிப்பு கடைசி வரிசைக்குப் போய் அடங்குகிற வரைக்கும் முகத்தை மாற்றாமல் நிற்பார். சங்கர் டிவியில் செய்ததைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒன்றைச் சொல்லிவிட்டு அந்தப் பெரிய உடம்பை அப்படியே அசையாமல் நிறுத்துவார். ஸ்டுடியோவுக்கு அவ்வளவு நேரம் நிற்கத் தேவையே இல்லை. அந்த நிதானம் மைதானத்தில் ஆடியவருக்கு வருவது.

21.09.2025, கொஞ்ச நேரம் கழித்து

சந்தானத்தையும் சிவகார்த்திகேயனையும் ஏன் ஒப்பிடக் கூடாது என்று கேட்கிறார்கள். தாராளமாக ஒப்பிடலாம். ஆனால் மூன்று பேர் வேலையும் வேறு வேறு. சந்தானம் 'லொள்ளு சபா'வில் எழுதி வைத்த பாத்திரத்தை நடித்தவர். 2004லேயே சினிமாவில் தெரிய ஆரம்பித்துவிட்டார். சிவகார்த்திகேயன் போட்டியாளராக வந்து, பிறகு தொகுப்பாளராகி, 2012ல் 'மெரினா'வில் நாயகன். தொகுப்பாளருக்குத் தன் முகம்தான் முதலீடு. சங்கர் மாதிரி ஆட்களுக்குத் தன் முகத்தை மறைப்பதுதான் தொழிலே. இன்றைக்குப் போலீஸ், நாளைக்குப் பாட்டி, அடுத்த வாரம் இன்னொரு நடிகர். பார்க்கிறவர்கள் மனதில் கெட்டப் நிற்கும், ஆள் நிற்க வெகுநாள் ஆகும்.

24.09.2025

'சிரிச்சா போச்சு' பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். அவர் தொழிலின் உச்சம் அதுதான் என்பது என் எண்ணம்.

தெரியாதவர்களுக்கு: அது 'அது இது எது' நிகழ்ச்சியில் ஒரு சுற்று. விருந்தினராக வந்தவர்கள் சிரிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கலைஞர்கள் வேஷம் கட்டி வந்து அவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். சிரித்தால் போச்சு. கேட்பதற்குச் சின்ன விளையாட்டுத்தான். ஆனால் கலைஞர் பக்கம் நின்று பாருங்கள். எதிரில் இருப்பவர் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மனப்பாடம் செய்து வந்த வரி எதுவும் அங்கே செல்லாது. அவர் கண் எங்கே போகிறது, உதடு எப்போது துடிக்கிறது என்று பார்த்து அந்த நொடியில் அடிக்க வேண்டும். கூட நிற்கிறவர் எடுத்துக் கொடுக்க வேண்டும், இவர் கவுன்டர் கொடுக்க வேண்டும்.

இது டிவிக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த வேலை இல்லை என்பது என் வாதம். எங்கள் பக்கத்து நாடக மேடையில் பபூன் காலங்காலமாகச் செய்துவந்த வேலை.

27.09.2025

சென்னையில் இருக்கிற தம்பி ஒருவர் பபூன் என்றால் சர்க்கஸில் வருகிறவரா என்று கேட்டிருக்கிறார். இல்லை தம்பி. ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் 'வள்ளி திருமணம்' நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த வழி. இதில் கம்பெனி கிடையாது. நாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட் ஒரு ஊர், நாயகி வேஷம் கட்டுகிற ஸ்திரீபார்ட் ஒரு ஊர், சிரிக்க வைக்கிற பபூன் ஒரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்து வரவழைப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. அன்று இரவு மேடைக்குப் பின்னால் தகரப் பெட்டியைத் திறந்து மேக்கப் போடும்போதுதான் யாரோடு யார் ஜோடி என்பதே சரியாகத் தெரியும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்மோனியக்காரர் உட்காருவார். மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்கிற பலவகைத் தாளக் கருவிகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். முதலில் வருவது பபூன். பாட்டுப் பாடிக்கொண்டே வந்து, கூட்டத்தோடு பேச ஆரம்பிப்பார். அப்புறம் டான்ஸ்காரப் பெண் வருவார். இரண்டு பேரும் மோதிக்கொள்வதும் சண்டையும் சமாதானமும் பாட்டுமாக நேரம் போகும். முருகன், வள்ளி, நாரதர் தர்க்கம் எல்லாம் அதற்குப் பிறகு விடியும் வரைக்கும். அந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் பபூன் கூட்டத்தைப் பிடித்து உட்கார வைக்கவில்லை என்றால் முருகன் வரும்போது பாய்தான் இருக்கும், ஆள் இருக்காது.

பபூன் ஊருக்குள் நுழைந்ததுமே டீக்கடையில் விசாரிப்பார். பஞ்சாயத்துத் தலைவர் யார், போன வாரம் என்ன சண்டை, எந்தப் படகு கரை தட்டியது. ராத்திரி அதையெல்லாம் வசனத்தில் சேர்த்துவிடுவார். யார் மனமும் புண்படாமல் சேர்ப்பதில்தான் கெட்டிக்காரத்தனம். எனக்கு மைக் வேலை சொல்லிக் கொடுத்த அப்பா, பபூன் பேசும்போது சத்தத்தைக் கூட்டாதே, கூட்டம் காது கொடுத்துக் கேட்கட்டும் என்பார். இன்றைக்கும் நகைச்சுவைக் கலைஞர் மேடை ஏறினால் என் கை தானாகவே சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

மதுரையிலிருந்து வந்த டிவி கலைஞர்கள் இந்தக் காற்றில் வளர்ந்தவர்கள். 'சிரிச்சா போச்சு'வில் சங்கரும் வடிவேல் பாலாஜியும் ஒருவரை ஒருவர் ஏற்றிவிட்ட விதத்தைப் பார்த்தால் ஒத்திகை இல்லாமல் சேருகிற அந்த நாடகக்காரர்கள்தான் எனக்கு ஞாபகம் வருவார்கள்.

02.10.2025

உலோகச் சாயம் பற்றி மேலே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அது போதாது.

சங்கர் பெயர் வாங்கிய பிறகு எங்கள் பக்கமும் ரோபோ வேஷம் போடுகிற பையன்கள் வந்தார்கள். ஒரு சர்ச் திருவிழாவில் அப்படி ஒரு தம்பியை மேடைக்குப் பின்னால் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சாயம் பூசிய பிறகு அவனால் உட்கார முடியாது. நாற்காலியில் ஒட்டிக்கொள்ளும், திட்டுத்திட்டாக உரியும். நின்றுகொண்டே இருந்தான். அவன் முறை வரத் தாமதம் ஆனது. கைவிரல்களிலும் சாயம் என்பதால் டீ டம்ளரைப் பிடிக்க மாட்டேன் என்றான். கூட வந்தவர் பிடித்துக் குடிக்க வைத்தார். போகஸ் லைட் சூட்டில் மற்றவர்களுக்கு வேர்த்து வழியும். அவனுக்கு வேர்வை வெளியே வர வழியில்லாமல் கழுத்தோரம் மட்டும் கோடு கோடாக இறங்கியது. ஆட்டம் முடிந்து தேங்காய் எண்ணெயைத் தடவிப் பழைய வேட்டித் துணியால் துடைத்தார்கள். காது மடிப்பு, இமை ஓரம், மூக்கு ஓரம் எல்லாம் போகவே இல்லை. தோல் சிவந்துவிட்டது. அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸுக்குப் போனான். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் அண்ணே, அது ஒரு வசதி, படுத்துக்கொள்வேன் என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

சங்கர் இதைப் பெயர் கிடைக்கிற வரைக்கும் செய்திருக்கிறார். ஜெயித்தாரா இல்லையா என்று பேசுகிறவர்கள் அந்தத் தம்பி சட்டையை மாட்டிக்கொண்ட விதத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

05.10.2025

தொண்டிக்காரர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். டிவியால் இவர்களுக்கு லாபமா நஷ்டமா?

இரண்டும்தான். டிவிக்கு முன்னால் ஒரு மிமிக்ரிக் கலைஞர் நல்லதாக ஒரு மணி நேரம் தேற்றி வைத்திருந்தால் அதை வைத்தே வருஷக்கணக்கில் பிழைக்கலாம். சாயல்குடியில் செய்ததைத் திருப்பாலைக்குடியில் செய்யலாம். கேட்டவர்கள் வேறு, சிரிப்பு புதுசு. டிவியில் ஒரு தடவை போய்விட்டால் அந்த ஐட்டம் அத்தோடு முடிந்தது. அடுத்த வாரம் ஊர் மேடையில் அதை எடுத்தால் முன்வரிசைப் பிள்ளைகளே அடுத்த வரியைச் சொல்லிவிடும். என் கண்ணெதிரே இது நடந்திருக்கிறது. அந்தக் கலைஞர் முகம் போன போக்கு எனக்குத்தான் தெரியும். இப்போது செல்போனில் எல்லாம் வெட்டி வெட்டி வருகிறது, இன்னும் மோசம்.

அப்புறம் ஏன் டிவிக்குப் போகிறார்கள்? 'விஜய் டிவி புகழ்' என்று நோட்டீஸில் போட்டால்தான் கமிட்டிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். பேமென்ட்டும் வேறு மாதிரி. ஆக, டிவி சரக்கை எடுத்துக்கொண்டு முகத்தைக் கொடுக்கிறது. அந்த முகத்தை வைத்து மேடை கிடைக்கும், ஆனால் மேடையில் போடப் புதுச் சரக்கு வேண்டும். வாரா வாரம் டிவிக்கும் எழுத வேண்டும், மேடைக்கும் எழுத வேண்டும். இந்த ஓட்டத்தில் பல பேர் மூச்சு வாங்கிப்போனார்கள்.

சங்கர் தப்பித்ததற்குக் காரணம், அவர் சரக்கு முழுக்க வசனத்தில் இல்லை. உடம்பில் இருந்தது. தெரிந்த அசைவையே திரும்பச் செய்தாலும் சிரிப்பு வரும். வார்த்தை பழசாகிற வேகத்தில் நடை பழசாவதில்லை.

06.10.2025

இங்கே ஒருவர் வடிவேல் பாலாஜி 2021ல் இறந்ததாக எழுதியிருக்கிறார். 2020, செப்டம்பர் 10. அந்த வருஷத்தைச் சரியாக வைத்துக்கொள்வது முக்கியம். 2020 மார்ச் 25ல் ஊரடங்கு தொடங்கியது. அது பங்குனி. பங்குனி, சித்திரை, வைகாசிதான் மேடைக் கலைஞர்கள் வருஷத்துக்கும் சேர்த்துச் சம்பாதிக்கிற மாசங்கள். எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு. ஆட்கள் எல்லாம் ஊரில் இருப்பார்கள், கையில் காசு கம்மி, ஆனாலும் வரி போட்டு நிகழ்ச்சி வைப்பார்கள். அந்த வருஷம் ஒரு குழாய் ஸ்பீக்கர்கூடக் கட்டவில்லை. என் ஜெனரேட்டர் கொட்டகையில் கிடந்து உப்புக் காற்றில் துருப்பிடித்தது. நாடகக்காரர்கள், கரகாட்டக்காரர்கள், டிவி முகங்கள் என்று எல்லாருக்கும் ஒரே நாளில் அடுப்பு அணைந்தது.

பாலாஜி பெரிய சினிமாவுக்குப் போகாதவர். வடிவேலு மாதிரி வேஷம் கட்டி, பெண் வேஷம் கட்டி, வீட்டுக்கு வீடு சிரிக்க வைத்தவர். அவர் போனபோது எங்கள் பக்கத்தில் வலை கட்டிக்கொண்டிருந்த கிழவர்கள்கூட "அந்தப் புள்ளையா?" என்று கேட்டார்கள். எந்தக் கணக்கில் இவரைத் தோற்றவர் என்று எழுதுவீர்கள்?

13.10.2025

உடம்பு விஷயம் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023ல் மஞ்சள் காமாலை வந்து சங்கர் மெலிந்துபோனார். எல்லாருக்கும் தெரியும். மீண்டு வந்து திரும்ப வேலை பார்த்தார், அதுவும் தெரியும். அதற்கு மேல் அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. அவர் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று இங்கே எழுதுவதை நிறுத்துங்கள்.

பொதுவாக இந்தத் தொழிலைப் பற்றி வேண்டுமானால் பேசலாம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வண்டியில் மூன்று மணி நேரத்துக்கு மேல். சாயங்காலம் கிளம்பினால் வந்து சேர ஒன்பது, பத்து. மேடைக்கு முன்னால் சாப்பிட மாட்டார்கள், வயிறு கனத்தால் குரல் வராது என்பார்கள். நிகழ்ச்சி முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அப்போது ஆறிப்போன பிரியாணியோ பரோட்டாவோ கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு உடனே வண்டியில் ஏறி விடியும்போது இன்னொரு ஊர். சீசன் முழுக்க இப்படித்தான். இருபது வயதில் உடம்பு தாங்கும். நாற்பதில் கணக்குக் கேட்கும். இ.எஸ்.ஐ. கிடையாது, பி.எஃப். கிடையாது. மேடையில் கால் பிசகினால் அன்றைக்கு வந்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும். இதைப் பேசுங்கள், நானும் பேசுகிறேன்.

19.10.2025

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன். கடற்கரைக்காரர்களுக்கு டிவி எப்போது வந்தது என்று இரண்டு பேர் வாதம் செய்கிறார்கள்.

எங்கள் கரையில் முதலில் தெரிந்தது இலங்கை ரூபவாஹினி. 1982ல் தொடங்கினார்கள். உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்தால் ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் படம் நன்றாக விழும். மொழி பாதிப் பேருக்குப் புரியாது, ஆனாலும் உட்கார்ந்து பார்ப்போம். வானொலியும் அப்படித்தான், இலங்கை வானொலியில் தமிழ்ப் பாட்டுக் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. அப்புறம் ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது, 323 மீட்டர். இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர்களுக்குத் தூரத்திலிருந்து அது தெரியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மொழி புரியாத சிங்கள நாடகத்தில்கூட எங்கள் வீட்டுப் பெண்கள் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆள் விழுவான், முழிப்பான், பயந்து ஓடுவான். அதற்கு மொழி வேண்டாம். சங்கர் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி பயப்படும்போது என் அம்மா டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்துச் சிரித்திருக்கிறார். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வசனத்தை நம்பிய காமெடி எதுவும் அவரிடம் போய்ச் சேராது. சங்கர் போய்ச் சேர்ந்தார்.

02.11.2025

இவ்வளவு நாள் இதை எழுதிக்கொண்டே யோசித்ததில் ஒன்று உறுத்துகிறது. மேடைதான் அவர் இடம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆனால் அவருக்குச் சினிமா ஆசை இருந்தது. கமல் ரசிகர் என்பதை மறைத்ததே இல்லை. கமல் பரமக்குடியில் பிறந்தவர், எங்கள் மாவட்டம். அதனால் எங்கள் பக்கம் மேடை ஏறுகிற மதுரைக் கலைஞர்கள் பலரும் கமல் குரலை ஒரு தடவையாவது எடுக்காமல் போக மாட்டார்கள், கைதட்டல் நிச்சயம். சங்கருக்கு அது கைதட்டலுக்கான வேலை மட்டும் இல்லை, பக்தி. அப்படிப்பட்டவரிடம் போய், உனக்கு மேடை போதும் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஒரு கலைஞரின் ஆசைக்கு வரம்பு கட்ட மைக் செட்காரனுக்கு உரிமை கிடையாது.

சினிமாவும் அவரைக் கைவிட்டுவிடவில்லை. 2015ல் 'மாரி', சனிக்கிழமை என்ற பாத்திரம், தனுஷுக்குப் பக்கத்திலேயே நின்றார். 2016ல் 'வேலைன்னு வந்துட்டா வெள்ளைக்காரன்'. அதில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள எல்லாரும் அவரைச் சுற்றி வருவார்கள். புத்தி பிசகியதால் அவர் யார் கேட்டாலும் ஒரே கதையை முதலிலிருந்து, அதே இழுப்பில் ஆரம்பிப்பார். மேடைக்காரனுக்கு அது பழகின வித்தை. ஒரே வரியை மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் கூட்டம் உடையும், அதற்கு முதல் இரண்டு தடவையும் துளி மாற்றம் இல்லாமல் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் படம் வந்த வருஷம் எங்கள் பக்கம் எந்தத் திருவிழாவில் மைக்கைக் கொடுத்தாலும் பையன்கள் அதைத்தான் ஆரம்பித்தார்கள்.

ஆனால் அவரை நம்பி அப்படி ஒரு முழுக்காட்சியை எத்தனை படங்கள் கொடுத்தன? பெரும்பாலும் நாயகனுக்குப் பக்கத்தில் நின்று ஒரு கவுன்டர், ஓர் அடி, ஒரு முழி. வெட்டி வெட்டி எடுக்கிற சினிமாவில் சிரிப்பு கடைசி வரிசைக்குப் போய் வருகிற வரைக்கும் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அவரிடம் இருந்த பெரிய சொத்தே அந்தக் காத்திருப்புத்தான். செப்டம்பர் 21ஆம் தேதி சிரிப்பு வந்து சேருகிற நேரம் பற்றி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

03.11.2025

மகள் இந்திரஜாவைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், 2019ல் 'பிகில்' படத்தில் பாண்டியம்மாவாக வந்த பெண் அவர்தான். அப்பாவின் உடம்புமொழி அப்படியே இருக்கிறது.

09.11.2025

அறந்தாங்கி நிஷாவை விட்டுவிட்டீர்களே என்று தொண்டிக்காரர் கோபப்படுகிறார். நியாயமான கோபம். அறந்தாங்கி நமக்குப் பக்கத்து ஊர், பட்டிமன்ற மேடையில் பேசி வளர்ந்து 'கலக்கப்போவது யாரு'வுக்கு வந்தவர். நாடக மேடையில் டான்ஸ்காரப் பெண்ணுக்குப் பபூன் அளவுக்குப் பேச்சு உண்டு, சாமர்த்தியம் உண்டு, மரியாதை மட்டும் கிடைக்காது. சிரிப்பு பபூன் கணக்கில் போகும், ஊர்ப்பேச்சு அந்தப் பெண் தலையில் விழும். நிஷா தன் நிறத்தையும் உருவத்தையும் பற்றி மற்றவர்கள் அடிக்கிற கேலியைத் தானே கையில் எடுத்துத் திருப்பி அடித்து, தனியாக நின்று கூட்டத்தைப் பிடித்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் ஆண்கள் பக்கத்தைத் திரும்பிப் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்ததை அவர் பேசும்போது பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

ஒன்று மட்டும் இங்கேயே சொல்கிறேன். மேடைக்குப் பின்னால் பெண் கலைஞருக்கு உடை மாற்ற இடம் இருக்காது. இரண்டு சேலையை மறைப்பாகக் கட்டி நிற்பார்கள், கடற்காற்றில் சேலை நிற்குமா? என் வண்டியின் பின்கதவைத் திறந்து தார்ப்பாய் கட்டிக் கொடுப்பேன். அது என் வேலை இல்லைதான், ஆனால் அங்கே வேறு யாரும் செய்வதில்லை.

16.11.2025

நம்ம பக்கத்துத் திருவிழாக் கமிட்டியில் இருக்கிற மாப்பிள்ளை ஒருவர் இதையெல்லாம் படித்துவிட்டு, அடுத்த சித்திரைக்கு நகைச்சுவை நிகழ்ச்சி வைக்கப் போகிறோம், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சொல்கிறேன், நோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிவி முகம் ஒருவரைக் கூப்பிட்டால் அவரோடு வருகிற துணைக் கலைஞர்களுக்கும் பணத்தை அவரவர் கையில் கொடுங்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு கமிட்டித் தலைவரைத் தேடிக்கொண்டு அலைய விடாதீர்கள். போன வருஷம் ஓர் ஊரில் மீதிப் பணத்துக்காக விடிகிற வரைக்கும் ஒரு குழு வேனில் உட்கார்ந்திருந்தது, நானும் கூடவே இருந்தேன். வந்ததும் பசிக்கிறதா என்று கேளுங்கள், முடிந்த பிறகு சுடச்சுட இட்லி கிடைக்கும்படி கடைக்காரரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு அறையைக் கேட்டு வாங்குங்கள், கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். மேடையைக் காற்றுக்கு முதுகு காட்டுகிற மாதிரிப் போடுங்கள், பிளக்ஸ் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் திருப்பிப் போடாதீர்கள். பட்டிமன்றம், பரிசளிப்பு, பொன்னாடை எல்லாவற்றையும் முன்னால் வைத்துக் கூட்டம் தூங்கின பிறகு காமெடிக்காரரை ஏற்றாதீர்கள்.

ரோபோ வேஷம் போடுகிற அந்தத் தம்பியை நான் கூட்டி வருகிறேன், இப்போதும் ஆடுகிறான். நோட்டீஸில் 'மற்றும் குழுவினர்' என்று முடித்துவிடாமல் அவன் பெயரைத் தனி வரியில் போடுங்கள். அவன் முறை எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சாயத்தைக் கடைசி நேரத்தில் பூசிக்கொள்வான். மேடையில் அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்க மானிட்டர் ஸ்பீக்கர் இரண்டு வேண்டும். அதை நான் கொண்டுவருகிறேன், தனிக் காசு வேண்டாம்.